தஞ்சம் மறுக்கப்பட்டவரின் நாடுகடத்தலை மக்கள் போராட்டத்தால் நிறுத்த முடியுமா?

கேள்வி: இங்கிலாந்தில் எங்கள் கோயிலில் பல ஆண்டுகளாகத் தொண்டு செய்துவரும் இலங்கைத் தமிழ் இளைஞர் ஒருவரின் தஞ்சக் கோரிக்கையும் மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டுவிட்டன. கையெழுத்து வைக்கச் சென்ற இடத்தில் அவரைப் பிடித்து ஹீத்ரோ தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தலும் கொடுத்துவிட்டார்கள். அவருடைய படத்துடன் இணையத்தில் மனு தொடங்கவும், விமான நிலையத்தில் ஆர்ப்பாட்டம் நடத்தவும் எண்ணியிருக்கிறோம். இதனால் நாடுகடத்தல் நிற்குமா? எங்களுக்குச் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: மனுவில் எத்தனை ஆயிரம் பேர் கையெழுத்திட்டாலும், அதற்காக விமானத்தை நிறுத்தவேண்டிய சட்டக் கடமை உள்துறை அமைச்சுக்குக் கிடையாது. அமைச்சு தானே மனம் மாற வேண்டும், அல்லது நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பிக்க வேண்டும். உங்கள் முயற்சி இந்த இரண்டில் ஒன்றுக்கு உதவுமானால் அதற்கு உண்மையான பலன் உண்டு.

முதலில் நாட்களைக் கணக்கிடுங்கள். தேசியம் மற்றும் எல்லைகள் தொடர்பான 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், அறிவித்தலுக்கும் திருப்பி அனுப்புவதற்கும் இடையில் பொதுவாகக் குறைந்தது 5 வேலை நாட்கள் விடப்பட வேண்டும். அதற்குள் சட்டத்தரணி, குடிவரவு விதிகளின் 353-ஆம் பந்தியின் கீழ், முன்பு பரிசீலிக்கப்படாத சான்றுகளைக் கொண்டு புதிய கோரிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். அந்தச் சான்றுகள், ஏற்கனவே கொடுக்கப்பட்டவற்றோடு சேர்த்துப் பார்க்கையில், வேறொரு நீதிபதி முன் வெற்றிபெறக்கூடிய வாய்ப்பைக் காட்ட வேண்டும். அமைச்சு அதனைப் புதிய கோரிக்கையாக ஏற்க மறுத்தால், குடிவரவு வழக்குகளை விசாரிக்கும் மேல் தீர்ப்பாயத்தில் நீதித்துறை மீளாய்வு, அதாவது அமைச்சின் முடிவு சட்டப்படி சரியானதா என்ற ஆய்வு, கோரலாம். வழக்குப் பதிவானதாலேயே விமானம் நின்றுவிடும் என்று இருந்துவிடாமல், இடைக்காலத் தடையையும் சேர்த்தே கேட்க வேண்டும். இங்குள்ள வழிகள் எல்லாம் அடைபட்டால், ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை அதன் 39-ஆம் விதியின் கீழ் இடைக்காலத் தடை கேட்டு அணுகலாம். 2022 ஜூன் 14 அன்று தஞ்சம் கோரியோரை ஏற்றிக்கொண்டு ருவாண்டாவுக்குப் புறப்படவிருந்த விமானத்தை நிறுத்துவதில் அந்த விதியின் கீழான உத்தரவுதான் திருப்புமுனையாக அமைந்தது.

புதிய சான்று எங்கிருந்து வரும் என்பதே முக்கியம். இங்கே உங்கள் கோயிலின் கை பெரிது. ஒரே வாசகத்தைப் பிரதியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிய நூறு கடிதங்களைவிட, திருவிழாவில் மேலாடையின்றி அவர் காவடி எடுத்தபோது முதுகிலிருந்த தழும்புகளைத் தன் கண்ணால் கண்டதாகவும், அதன்பின் அவர் யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருந்ததாகவும், ஆண்டையும் இடத்தையும் குறிப்பிட்டு ஒருவர் எழுதி ஒப்பமிடும் ஒரு பக்கம் அதிக பெறுமதி உடையது. கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும் கெடுத்துவிடும். தழும்பு எதனால் வந்தது என்பதை, சித்திரவதையை ஆவணப்படுத்தும் இஸ்தான்புல் நெறிமுறைப்படி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் பிரித்தானிய உச்சநீதிமன்றம் 2019-இல் அளித்த தீர்ப்பு, அத்தகைய மருத்துவ அறிக்கைக்கு உரிய மதிப்பை உறுதிப்படுத்தியது. தடுப்பு முகாம் மருத்துவரிடம் அவர் சித்திரவதை பற்றிச் சொல்லியிருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள்; சொன்னால், 2001-ஆம் ஆண்டுத் தடுப்பு மைய விதிகளின் 35-ஆம் விதிப்படி மருத்துவர் அறிக்கை எழுத வேண்டியிருக்கும்.

படத்தை வெளியிடுவது பற்றி எனக்குப் பெரும் கவலை உண்டு. புலம்பெயர் தமிழர்களின் செயற்பாடுகளை இலங்கை அரசு விரிவான புலனாய்வு ஏற்பாடுகளால் கண்காணிக்கிறது என்பதை மேல் தீர்ப்பாயமே 2021-இல் வழங்கிய வழிகாட்டுத் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே பெயரும் முகமும் வெளியானபின் அவர் திருப்பி அனுப்பப்பட்டால், அங்கு இறங்கும்போதே கூடுதல் ஆபத்தோடு இறங்குவார். ஊரிலுள்ள பெற்றோரும் விசாரிக்கப்படலாம். அந்த ஆபத்தே புதிய கோரிக்கைக்கு ஆதாரமாகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வழக்குக்காகவே உண்டாக்கிய விளம்பரம் என்ற ஐயத்தோடு அது நோக்கப்படும் என்பதால், அந்த யோசனையை நம்பி ஒருவரின் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். அவருடைய எழுத்துமூலச் சம்மதமும் சட்டத்தரணியின் ஒப்புதலும் இல்லாமல் எதையும் பதிவிடாதீர்கள். தீர்ப்பாயம் அவருடைய பெயரை வெளியிடத் தடை விதித்திருந்தால், அதை மீறுவது நீதிமன்ற அவமதிப்பாகிவிடும். பெயரும் படமும் இல்லாமலும் மனு நடத்தலாம்.

அமைதியாகக் கூடுவது உங்கள் உரிமை. அமைச்சின் அலுவலகம் முன் பொலிஸாருக்கு முன்கூட்டியே அறிவித்து நில்லுங்கள். விமான நிறுவனத்துக்குப் பண்பாகக் கடிதமும் எழுதுங்கள், பயணியை ஏற்றமாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் விமானிக்கு உண்டு. ஓடுபாதைப் பக்கம் மட்டும் போகவே கூடாது. 2017 மார்ச்சில் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் நாடுகடத்தல் விமானமொன்றைத் தடுத்த 15 பேர், விமானப் பாதுகாப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2018-இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். 2021 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துச் செய்யும்வரை அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உங்களிற் சிலர் 2021 மே மாதம் கிளாஸ்கோவின் கென்மியூர் தெருவில் அயலவர்கள் குடிவரவு அதிகாரிகளின் வாகனத்தைச் சூழ்ந்து இருவரை விடுவித்ததை எடுத்துக்காட்டலாம். ஏற்கனவே தடுப்பு முகாமுக்குள் இருப்பவருக்கு அந்த வழி பொருந்தாது.

அவர் வசித்த தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர், வாக்குரிமை இல்லாதவருக்காகவும் அமைச்சருக்கு எழுதலாம். அந்தக் கடிதம் விமானத்தைச் சட்டப்படி நிறுத்தாது என்றாலும், கோப்பை மேலதிகாரி ஒருவரின் மேசைக்குக் கொண்டுசெல்லும். ஆங்கிலம் தெரிந்த தொண்டர் எவரும் சட்ட ஆலோசனை சொல்லவோ மனு வரையவோ முற்படக்கூடாது; தகுதியோ பதிவோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இதற்கிடையில் பிணை விண்ணப்பத்தையும் தொடங்கச் சொல்லுங்கள். தங்குவதற்கு உறுதியான முகவரி தரக்கூடியவர், பிணைப் பணத்துக்குப் பொறுப்பேற்கக் கூடியவர் ஆகிய இருவரை உங்கள் கோயிலிலிருந்து தேர்ந்தெடுத்து, அவர்களுடைய வருமான, வீட்டு ஆவணங்களை நாளைக் காலைக்குள் சட்டத்தரணியிடம் சேர்ப்பித்துவிடுங்கள்.