கலக்காமல் தரவும்

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஜெர்மனியில் ஆடிய கால்பந்து வீரர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்? விளையாட்டில் அரசியலைக் கலக்காமல் பதில் சொல்லவும்.
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: 'கலக்காமல்' என்று பால்காரரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் தினமும் சொல்வோம். "நான் எதுக்குக்கா தண்ணி ஊத்தப்போறேன், மாடு குடிச்சிட்டு வந்தா நான் என்ன பண்றது?" என்பார். அம்மாவிடம் அதற்குப் பதில் இருந்ததில்லை. பாக்கெட் பால் வந்ததும் அந்த வழக்கு தீர்ப்பில்லாமல் முடிந்துபோனது. உங்கள் கேள்விக்கு நானும் பால்காரர் கட்சிதான். நான் எதையும் ஊற்றப்போவதில்லை. மாடு குடித்துவிட்டு வந்திருக்கிறது.

கவர்ந்தவர் என்று சொல்ல மாட்டேன். படிக்க ஆரம்பித்தால் விட முடியாதவர் என்று ஒருவர் உண்டு: ஓட்டோ ஹார்டர். 1892இல் பிரவுன்ஷ்வைக் நகரில் பிறந்து, ஹாம்பர்க் எஸ்.வி. அணியின் நடு ஃபார்வர்டாகப் பேர் வாங்கியவர். நெடுநெடுவென்ற ஆள், பந்தோடு ஓட ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். 1914 முதல் 1926 வரை தேசிய அணிக்கு 15 ஆட்டங்களில் 14 கோல். நடுவில் ஒரு மகாயுத்தம் பல வருஷங்களை விழுங்கியதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 1923, 1928 இரண்டு வருஷமும் ஹாம்பர்க்கோடு ஜெர்மன் சாம்பியன். அவர் இறங்கினால் மூன்றுக்குப் பூஜ்யம்தான் என்று ரசிகர்கள் எதுகையோடு பாட்டுக் கட்டியிருந்தார்கள். 1923 இறுதி ஆட்டத்தில் ஸ்கோரும் அப்படியே 3-0 என்று அமைந்தது. நம் ஊர் ஜோசியர்களுக்குக்கூட இவ்வளவு பலிக்காது.

1922ஐ விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அது என் சொத்து. பெனால்டி அடித்து வெற்றியைத் தீர்மானிப்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குச் சமம், முடிவு தெரியும்வரை ஆட விடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி, புள்ளிவிவரப் பிரியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வருஷம் என் பேச்சைக் கேட்டதுபோலவே ஆடினார்கள். சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில், பெர்லினில் ஹாம்பர்க்கும் நூரம்பெர்க்கும் மோதின. 90 நிமிடத்தில் 2-2. ஆட்டம் தொடர்ந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற வசதியெல்லாம் அப்போது கிடையாது. ஓட முடியாதவர் நடந்தார், நடக்க முடியாதவர் நின்றார். 189ஆவது நிமிடத்தில், இருட்டில் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று ரெஃப்ரி பவ்வென்ஸ் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். ஏழு வாரம் கழித்து லைப்சிக்கில் மறு ஆட்டம். 1-1. கூடுதல் நேரத்தின் பாதிக்குள் நூரம்பெர்க் பக்கம் இரண்டு பேர் வெளியேற்றப்பட்டு, இரண்டு பேர் அடிபட்டு, மிச்சம் ஏழு பேர். ஏழு பேரை வைத்து ஆட அன்றைய விதி இடம் தரவில்லை. மறுபடி பாதியில் நிறுத்தம். பட்டத்தை ஹாம்பர்க்குக்குக் கொடுத்தார்கள், புகார்கள் பறந்தன, கடைசியில் ஹாம்பர்க் அதை வேண்டாம் என்றது. அந்த வருஷத்துக்குச் சாம்பியனே இல்லை. என் கட்சியில் இப்போதும் மாற்றமில்லை. நல்ல விளக்கு போட்டுக் கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

சரி, ஹார்டர். அவரை யாரும் ஓட்டோ என்று கூப்பிடவில்லை. 'டல்' என்றுதான் ஊர் அழைத்தது. இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணியில் ஆடிய வால்ட்டர் டல் என்பவரின் ஆட்டச் சாயல் தெரிந்ததால் வந்த பட்டப்பெயர் என்பார்கள். இந்த வால்ட்டர், பார்படோஸிலிருந்து வந்த கறுப்பினத் தச்சரின் மகன். அநாதை விடுதியில் வளர்ந்து பெரிய அணிக்குப் போனவர். பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாகி, 1918 மார்ச்சில் பிரான்ஸ் போர்முனையில் செத்துப்போனார். அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஹார்டர் 1932இல் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், அடுத்த வருஷம் அந்தக் கட்சியின் சொந்தப் படையான எஸ்.எஸ்.ஸில். ஆட்டம் ஓய்ந்து இன்சூரன்ஸ் தொழில் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் காவலர், பிறகு ஹாம்பர்க் அருகிலேயே நொயன்கம்மே முகாமில். 1944 கடைசியில் ஹனோவர் பக்கத்து ஆலெம் துணைமுகாமுக்கு அவரே தலைவர். பெரும்பாலும் போலந்து யூதர்கள் அங்கே கைதிகள். தாரெடுத்த சுரங்கத்தை ஆயுதத் தொழிற்சாலையாக மாற்றும் வேலையில் பட்டினியோடு தேய்ந்து செத்தார்கள்.

இப்போது அஸ்ப்யோர்ன் ஹல்வோர்சன். நார்வேக்காரர். அந்த 189 நிமிடத்திலும் ஹார்டருக்குப் பின்னால், நடுக்களத்தில் சென்டர் ஹாஃபாக நின்றவர். இரண்டு சாம்பியன் பட்டங்களிலும் கூட இருந்தவர். 1933இல் ஊருக்குத் திரும்பினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லர் நேரில் உட்கார்ந்து பார்க்க, ஜெர்மனியை 2-0 என்று வீட்டுக்கு அனுப்பிய நார்வே அணியைத் தயார் செய்தது இவர்தான். ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்துக்கொண்டு விளையாட்டுச் சங்கங்களையும் கையில் எடுத்தபோது, ஆட மாட்டோம் என்று வீரர்கள் ஒதுங்கினார்கள். அதைக் கட்டிக்காத்தவர்களில் ஒருவர் என்று 1942இல் இவரைப் பிடித்தார்கள். முகாம் முகாமாக மாற்றினார்கள். அந்தப் பட்டியலில் நொயன்கம்மேயும் உண்டு. ஒரே அணியில் தோளோடு தோள் நின்ற இருவரில் ஒருவர் முன்பு காவலராக இருந்த முகாமில் மற்றவர் கைதி. திருச்சி வாசகரே, இதிலிருந்து அரசியலை வடிகட்டி எடுத்துவிட்டு எதை எழுதட்டும்? ஆஃப்சைட் விதியையா?

1947இல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் ஹார்டருக்கு 15 வருஷம் கொடுத்தது. 1951 கிறிஸ்துமஸுக்கு வெளியே வந்துவிட்டார். ஹல்வோர்சன் உடம்பு தேறாமலே 1955இல் போனார். ஹார்டர் அதற்கடுத்த வருஷம், கிளப் மரியாதையோடு.

எனக்கு ஜீரணமாகாதது அப்புறம் நடந்த ஒன்று. 1974இல் மேற்கு ஜெர்மனியில் உலகக் கோப்பை. ஹாம்பர்க் நகரம் அச்சிட்ட சிறப்பு ஏட்டில், ஊருக்குப் பெருமை சேர்த்த வீரர்கள் வரிசையில் ஹாம்பர்க்கின் நட்சத்திர வீரர் உவே சீலரோடு ஹார்டரையும் போட்டார்கள்! யாரோ எடுத்துச்சொன்ன பிறகுதான் அவசர அவசரமாக அந்தப் பக்கத்தை எடுத்தார்கள். நகராட்சிக்கே மறந்திருக்கிறது, அல்லது கோல் கணக்கு மட்டும் ஞாபகமிருந்திருக்கிறது.

விழா மலர் என்றாலே எனக்கு ஏன் ஒவ்வாமை என்று அடிக்கடி கேட்கிறீர்களே, இதனால்தான். எந்த ஊராக இருந்தாலும் மலர்க்குழு ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. பழைய போட்டோ கிடைக்கும், கீழே 'மண்ணின் மைந்தர்' என்று போடுவார்கள், அந்த மைந்தர் என்ன செய்தார் என்று கேட்பவன் விழாவைக் கெடுக்க வந்தவன். நானும் ஒரு பொன்விழா மலருக்கு, கெஞ்சிக் கேட்டதால், நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஸ்தாபகர் ஒருவரின் வட்டிக் கடையைப் பற்றி ஒரே ஒரு பத்தி இருந்தது. மலர் வந்தபோது அந்தப் பத்தி இருந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம். வெட்டியவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு வரி எழுதிப் போடவும். கோபமில்லை, விளம்பரத்துக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று மட்டும் தெரிய வேண்டும்.