குவாரி விபத்தில் இறந்தவர் 'காண்ட்ராக்டர் ஆள்' என்றால் முதலாளிக்குப் பொறுப்பில்லையா?

கேள்வி: என் அண்ணனுக்கு 40 வயது. ஜல்லிக் குவாரியில் கம்ப்ரசர் வைத்துப் பாறையில் துளை போடுபவர். 2025 செப்டம்பரில் பாறை சரிந்து இறந்துவிட்டார். சம்பளம் மாதம் 20,000 ரூபாய். காரியத்தன்று வந்த குவாரிக்காரர்கள் அண்ணியிடம் 3 லட்சம் கொடுத்து, 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கேட்டால், 'அவர் காண்ட்ராக்டர் ஆள்' என்கிறார்கள். குவாரி மறுபடி ஓடுகிறது. கனிமவளத் துறையில் மனு கொடுத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த முத்திரைத்தாளைக் கண்டு உங்கள் அண்ணி பயப்பட வேண்டாம். விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923, 17ஆம் பிரிவின்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. இறப்பு இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். கையில் கொடுத்த பணம் இழப்பீடு ஆகாது. மூன்று மாதச் சம்பள அளவுக்கு மட்டும் முன்பணமாகக் கழிக்கலாம்.

எவ்வளவு வரும்? சம்பளம் 20,000 என்றாலும் கணக்கில் 15,000 வரைதான். அதில் பாதி 7,500. சட்ட அட்டவணையில் 40 வயதுக்கான காரணி (பெருக்கும் எண்) 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி தனி. 'காண்ட்ராக்டர் ஆள்' என்ற பேச்சும் எடுபடாது. 12ஆம் பிரிவு குவாரி முதலாளியையே பொறுப்பாக்குகிறது. மனு அண்ணியும் பிள்ளைகளும் போட வேண்டும், நீங்கள் அல்ல. விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் போடுங்கள். அண்ணி வசிக்கும் பகுதிக்கான ஆணையரிடமே கொடுக்கலாம்.

அடுத்தது பாதுகாப்பு மீறல். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தவறான கதவைத் தட்டுகின்றன. மாநிலக் கனிமவளத் துறை குத்தகையும் நடைச்சீட்டும் (கல் ஏற்றிச் செல்லும் அனுமதி) பார்க்கும். பாறை ஏன் சரிந்தது என்று விசாரிக்க வேண்டியது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். சிறிய குவாரி என்று சுரங்கச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்பார்கள். வெடி வைத்திருந்தாலோ, ஆழம் 6 மீட்டரைத் தாண்டியிருந்தாலோ அந்த விலக்கு கிடையாது. கடினப் பாறையில் படி படியாகத்தான் வெட்ட வேண்டும். தனி அனுமதி இல்லாமல் ஒரு படி 6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் 2022லும் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் 2025லும் பாறை சரிந்த பிறகும், செங்குத்தாக நிற்கும் குவாரிகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

இயக்குநரகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள், நகல் ஆட்சியருக்கு. சுரங்கச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர இயக்குநரகம் அல்லது ஆட்சியர் தரப்பிலிருந்துதான் புகார் போக வேண்டும். அதற்குக் கெடு 6 மாதம். விபத்தையே மறைத்திருந்தால், ஆய்வாளருக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 6 மாதம் ஓடும். ஆகவே விபத்து முறையாகத் தெரிவிக்கப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விசாரணை அறிக்கையின் நகலையும் சேர்த்தே கேளுங்கள்.

தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு லாரி ஜல்லிக்குக்கூடக் காணாத அபராதம்! 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்புக்கான புதிய தொகுப்புச் சட்டத்தில் அபராதமே குறைந்தது 5 லட்சம். அதில் பாதியாவது குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். உங்கள் அண்ணன் இறந்தது அதற்கு முன்பு என்பதால் பழைய சட்டம்தான். காவல்துறை வழக்கு தனி. பாரதிய நியாய சன்ஹிதா 106(1) (கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்) சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதல் தகவல் அறிக்கையில் பாருங்கள்.

பதிவேட்டில் அண்ணன் பெயர் இல்லாமலும் இருக்கலாம். சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், ஜிபே பதிவு, குவாரியில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அந்த முத்திரைத்தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு அதுவே அவர்கள் எழுதிக் கொடுத்த சாட்சி.