மிளகு விளைந்தது எந்த ஊரில்? – வாசகர் கேள்வி பதில்

தெற்காசிய நாடுகளுக்கு இடையிலான வணிகமும் உதவியும் பற்றி வந்த கேள்விகளில் ஐந்து, இந்த இதழில்.

கேள்வி: இலங்கையிலிருந்து 10 டன் மிளகு வரவழைத்தேன். ஆரிஜின் சர்டிபிகேட் (எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்று) கையில் இருக்கிறது. அப்படியும் துறைமுகத்தில் சலுகை வரியை நிறுத்திவைத்து, ஈட்டுத்தொகை கட்டச் சொல்கிறார்கள். அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லையா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: மதிப்பு உண்டு. ஆனால் 2020 செப்டம்பர் 21 முதல் அது ஒன்று மட்டும் போதாது.

முதலில் பணத்தைப் பாருங்கள். கிலோ 600 ரூபாய் என்று வைத்தால் உங்கள் சரக்கின் மதிப்பு 60 லட்சம். மிளகுக்குச் சாதாரண இறக்குமதி வரி 70%, அதாவது 42 லட்சம். தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தமான சாஃப்டாவின் கீழ் 8%, அதாவது 4.80 லட்சம். இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே கிடையாது. (ஜிஎஸ்டியும் மற்றவையும் தனி.) ஒரு காகிதத்துக்காக 37 லட்சமோ 42 லட்சமோ குறைகிறது என்றால், அந்தக் காகிதத்தைத் துருவிப் பார்க்காமல் விடமாட்டார்கள். வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, சாக்கு மாறி, ‘இலங்கை மிளகு’ என்ற பெயரில் வருகிறது என்ற புகார் நம் விவசாயிகளிடம் பல வருடமாக உண்டு. கிலோவுக்கு சிஐஎஃப் மதிப்பு (சரக்கின் விலை, காப்பீடு, கப்பல் கூலி சேர்ந்தது) 500 ரூபாய்க்குக் குறைந்தால் மிளகு இறக்குமதியே கூடாது என்று தடை வந்ததும் இதனால்தான்.

வெளிநாட்டு மூலப்பொருளை வாங்கி இலங்கையில் வேலை செய்து அனுப்பினாலும் சலுகை உண்டு. அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஏற்றுமதி விலையில் 35% உள்ளூரில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். சரக்கின் நான்கு இலக்க வரிக்குறியீடும் மாறியிருக்க வேண்டும். மிளகு மாட்டிக்கொள்வது இரண்டாவதில். முழு மிளகு 0904. உடைத்த மிளகும் 0904, பொடியும் 0904. சலித்து, கழுவி, காயவைத்து, அரைத்து எது செய்தாலும் குறியீடு நகராது. ஆகவே மிளகைப் பொறுத்தவரை ஒரே வழிதான்: அது இலங்கை மண்ணில் விளைந்திருக்க வேண்டும். உங்கள் சர்டிபிகேட்டில் ஆரிஜின் அடிப்படை என்ற கட்டத்தில் ‘முழுக்க அங்கேயே விளைந்தது’ என்பதற்கான குறியீடு இல்லாமல் சதவீதம் போட்டிருந்தால், அங்கேயே சந்தேகம் தொடங்கிவிடும்.

2020-இல் வந்த சுங்க விதிகளை வணிகர்கள் ‘கரோட்டார்’ என்பார்கள். ஆரிஜினை நிரூபிக்கும் பொறுப்பை அவை இறக்குமதியாளர் தலையில் வைத்தன. சரக்கு வருவதற்கு முன்பே ‘படிவம் 1’ விவரங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) போட்ட நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் அவற்றை வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் 10 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்தப் பத்து நாளில்தான். நோட்டீஸ் வந்த பிறகு கொழும்புக்கு போன் போட்டு, “எந்தத் தோட்டத்துச் சரக்கு?” என்று கேட்டால் அங்கிருந்து பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும்.

அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்: எந்த மாவட்டத்துச் சரக்கு (மாத்தளையா, கண்டியா, குருநாகலா), எந்தச் சேகரிப்பாளரிடம் வாங்கியது, அந்த பில்கள், எத்தனை கிலோ, லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் மிளகின் எடை) என்ன. பில்களின் கூட்டுத்தொகை 10 டன்னைத் தொடவில்லை என்றால் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

சர்டிபிகேட்டில் அடித்தல் திருத்தம் இருந்து, கொடுத்த அதிகாரி அதில் ஒப்பமிடாவிட்டால், அல்லது கட்டங்கள் காலியாக இருந்தால், அல்லது செல்லுபடிக் காலம் தாண்டிவிட்டால், மேல்விசாரணையே இல்லாமல் சலுகையை மறுக்கலாம். இன்வாய்ஸ், பில் ஆஃப் என்ட்ரி, சர்டிபிகேட் மூன்றிலும் எடையும் குறியீடும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கிளியரிங் ஏஜென்டை நம்பி விடாமல் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில், இலங்கை வணிகத் திணைக்களத்திடம் சரிபார்க்கக் கேட்டிருப்பார்கள். பதில் வரும்வரை வரி வித்தியாசத்துக்கு ஈடு கட்டிச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். பதில் சாதகமாக வந்தால் ஈடு திரும்ப வரும். அதுவரை மிளகைக் கிடங்கில் போட்டு வைத்தால் வாடகையும் டெமரேஜும் (தாமதக் கட்டணமும்) சலுகையைத் தின்றுவிடும்.

கேள்வி: சார்க் அமைப்பு உயிரோடு இருக்கிறதா?
– வாசகி, மதுரை

பதில்: தெற்காசிய நாடுகள் எட்டின் கூட்டமைப்பான சார்க்குக்கு அலுவலகம் இருக்கிறது, தலைவர்கள் கூடுவதில்லை. கடைசி உச்சிமாநாடு 2014 நவம்பரில் காட்மாண்டுவில் நடந்தது. 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவேண்டியது காஷ்மீரின் உரி ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு நின்றுபோனது. 1985 டிசம்பர் 8-இல் டாக்காவில் கையெழுத்தான சாசனத்தின்படி எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். இருநாட்டுச் சச்சரவுகளைப் பேசவே கூடாது. ஒரு நாடு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினால் எட்டு நாடும் எழுந்துபோக வேண்டியதுதான். 2002-க்குள் வறுமையை ஒழிப்பது என்று 1993-இல் டாக்காவில் தீர்மானம் போட்டதும் இதே அமைப்புதான்.

உருப்படியாக நடப்பது நம் ரிசர்வ் வங்கியின் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு: அண்டை நாட்டின் நாணயத்தை வாங்கி வைத்துக்கொண்டு டாலரோ ரூபாயோ தற்காலிகமாகக் கொடுப்பது. 2012-இல் சார்க் நாடுகளுக்காகத் தொடங்கியது. 2022 ஜனவரியில் இலங்கைக்கு 40 கோடி டாலர் கிடைத்தது இதன் வழியாகத்தான். அதற்கு உச்சிமாநாடு தேவைப்படவில்லை.

கேள்வி: சார்க் உணவு வங்கி என்று ஒன்று இருக்கும்போது, 2022-இல் இலங்கை அரிசிக்கு ஏன் ஊர் ஊராகக் கை நீட்டியது?
– வாசகர், திருச்சி

பதில்: ‘வங்கி’ என்ற பெயரை நம்பினால் ஏமாற்றம்தான். பொதுக் கிடங்கு எங்கும் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் மண்ணிலேயே, தன் சொத்தாகவே, இவ்வளவு தானியம் ஒதுக்கிவைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. மொத்த ஒதுக்கீடு 4,86,000 டன். இதில் இந்தியா 3,06,400, வங்கதேசமும் பாகிஸ்தானும் தலா 80,000, இலங்கையும் நேபாளமும் தலா 8,000. மீதியை ஆப்கானிஸ்தான், மாலத்தீவு, பூட்டான் பிரித்துக்கொள்கின்றன. இலங்கையின் பங்கை 2.2 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 360 கிராம் சொச்சம், ஒரு நாள் சமையல்.

அடுத்த நாட்டின் பங்கைக் கேட்கலாமே என்றால், உணவுத் தட்டுப்பாட்டுக்கு 2007 ஒப்பந்தம் ஓர் அளவுகோல் வைத்தது: அந்த வருட விளைச்சல் முந்தைய மூன்று வருடச் சராசரியைவிட 8% குறைந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்து கணக்கு வருவதற்குள் அடுப்பு அணைந்துவிடும். கையில் டாலர் இல்லாததால் வரும் பட்டினிக்கு இந்த அளவுகோலே பொருந்தாது. அதற்குமேல் விலை, பணம் கட்டும் முறை எல்லாவற்றையும் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசித்தான் முடிக்க வேண்டும். விலை வெளியாருக்கு விற்பதைவிடக் குறைவாக இருக்கும் என்பது மட்டும்தான் உறுதி. 1988-இல் நடைமுறைக்கு வந்த பழைய உணவு இருப்புத் திட்டத்திலிருந்து ஒரு மூட்டைகூட எடுக்கப்படாமல்தான் 2007-இல் இந்தப் புதிய வங்கி வந்தது.

2022-இல் கைகொடுத்தது நேரடி உதவிதான். உணவும் மருந்தும் வாங்க இந்தியா 100 கோடி டாலர் கடன் கொடுத்தது. தமிழக அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அறிவித்தது. அந்த மே மாதமே சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பிவிட்டது.

கேள்வி: இந்த ஒப்பந்தங்களால் எல்லையில் வாழும் ஏழைக்கு ஏதாவது கிடைத்ததா?
– வாசகி, சேலம்

பதில்: இந்திய-வங்கதேச எல்லையில் ‘எல்லை ஹாட்’ எனப்படும் வாரச்சந்தைகளைச் சொல்லலாம். முதலாவது, 2011 ஜூலையில் மேகாலயாவின் கலாய்ச்சரில் திறந்தது. சந்தையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர் மட்டும் உள்ளே போகலாம். காய்கறி, பழம், மீன், லுங்கி, பிளாஸ்டிக் சாமான் எதற்கும் சுங்கவரி இல்லை. நம் ரூபாயும் செல்லும், வங்கதேச நாணயமான டாக்காவும் செல்லும். ஒருவர் வாங்கும் உச்சவரம்பு முதலில் 50 டாலர், பிறகு படிப்படியாக 200 டாலர். சின்ன ஏற்பாடுதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரரின் சந்தைக்குப் போவது கடத்தல் என்று ஆகிப்போன ஊர்களில், அதே வெற்றிலையைப் பட்டப்பகலில் விற்க முடிவது சின்ன விஷயமில்லை.

கேள்வி: நேபாள மின்சாரம் வங்கதேசம் போகிறது என்று படித்தேன். இடையில் இந்தியா இருக்கிறதே, எப்படி?
– வாசகர், நெய்வேலி

பதில்: இந்தியக் கம்பி வழியாகத்தான். 2024 அக்டோபர் 3-இல் நேபாள மின்வாரியம், வங்கதேச மின்வாரியம், இந்தியாவின் மின் வணிக நிறுவனமான என்விவிஎன் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. தல்கேபர் (நேபாளம்)–முசாபர்பூர் (பீகார்) 400 கிலோவோல்ட் பாதையில் மின்சாரம் இந்தியாவுக்குள் வருகிறது. பஹரம்பூர் (மேற்கு வங்கம்)–பேராமாரா (வங்கதேசம்) பாதையில் வெளியே போகிறது. அளவு 40 மெகாவாட், யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 9.6 லட்சம் யூனிட், நேபாளத்துக்குச் சுமார் 61,000 டாலர்.

வருடம் முழுவதும் இது ஓடாது. ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை ஐந்து மாதம்தான். நேபாளத்தின் பெரும்பாலான நீர்மின் நிலையங்கள் தேக்கிவைப்பவை அல்ல, ஓடுகிற ஆற்றிலேயே சுழல்பவை. பருவமழையில் மின்சாரம் மிஞ்சும். குளிர்காலத்தில் ஆறு இளைத்ததும் நேபாளமே இந்தியாவிடம் மின்சாரம் வாங்கும், பெரும்பாலும் அதே தல்கேபர் பாதையில்.