வாசகர் கேட்டவை: முஸ்லிம் வெறுப்பை அளப்பதும் எதிர்கொள்வதும்

கேள்வி: ஆய்வுக்காக 400 பேரிடம் கருத்துக்கணிப்பு எடுத்தேன். 'முஸ்லிம்கள் மீது வெறுப்பு உண்டா?' என்றால் ஏறக்குறைய எல்லோரும் 'இல்லை' என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வேண்டாம். நேருக்கு நேர் கேட்டால் யார்தான் ஒப்புக்கொள்வார்? பட்டியல் முறைக்கு மாறுங்கள். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு மதத்தோடு சம்பந்தமில்லாத நான்கு வாக்கியங்கள். மற்றதற்கு அந்த நான்கோடு 'பக்கத்து வீட்டுக்கு முஸ்லிம் குடும்பம் வருவது எனக்குப் பிடிக்காது' என்ற ஐந்தாவதும். எவையெவை என்று கேட்காமல், எத்தனை தனக்குப் பொருந்துகிறது என்று மட்டும் கேளுங்கள். முதல் குழுவின் சராசரி 2.1, அடுத்ததில் 2.4 என்று வந்தால் வித்தியாசம் 0.3, அதாவது அந்த ஐந்தாவது வாக்கியம் பொருந்துவது நூற்றுக்கு 30 பேருக்கு. நான்குமே எல்லோருக்கும் பொருந்துகிற வாக்கியங்களாக இருந்தால், 'ஐந்து' என்றதும் ஆள் அகப்பட்டுவிடுவார். அந்தப் பயத்திலேயே பொய் சொல்வார். இதற்கு 400 பேர் போதாது, பிழை வரம்பு (தற்செயலாக வரக்கூடிய ஏற்ற இறக்கம்) விடையில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். ஆயிரத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

கேள்வி: வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு இருப்பதை நிரூபிக்க வழி உண்டா?

பதில்: ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மாற்றி அனுப்பலாம். பெயரோடு இனமும் பூர்வீகமும் சேர்ந்து மாறிவிடுவதுதான் இதில் சிக்கல். 2010-ல் வெளியான பிரான்ஸ் ஆய்வு அதை அழகாகச் சமாளித்தது. இரு விண்ணப்பதாரர்களும் செனகல் பூர்வீகம், ஒரே குடும்பப்பெயர். ஒருவர் கிறிஸ்தவப் பெயருள்ள மரி, மற்றவர் முஸ்லிம் பெயருள்ள கதீஜா. மரிக்கு 21 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது, கதீஜாவுக்கு 8.

கேள்வி: மத விமர்சனம் எங்கே வெறுப்புத் தூண்டலாகிறது?

பதில்: கொள்கையை விமர்சிப்பது உரிமை. மக்களுக்கு எதிராகத் தூண்டுவதைக் குற்றமாகக் கருத, 2012-ல் மொராக்கோவின் ரபாத்தில் ஐ.நா. கூட்டிய நிபுணர்கள் ஆறு அளவுகோல்கள் வகுத்தார்கள்: சூழல், பேசுபவரின் நிலை, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவிய அளவு, தீங்கு நேரும் வாய்ப்பு. ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பெழுத முடியாது.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா வெறுப்பு வீடியோ அனுப்புகிறார். என்ன செய்ய?

பதில்: காட்சியை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுளில் படத்தை வைத்துத் தேடுங்கள். பழைய தேதியோ வேறு நாடோ பலமுறை வெளிப்படும். பதிலில் முதல் வரி உண்மையாக இருக்கட்டும். பிறகு தவறு எங்கே என்பது, அடுத்து ஆதாரம். வீடியோவைத் திரும்ப அனுப்பாதீர்கள். எல்லோர் முன்னும் மடக்கினால் சித்தப்பாவுக்கு வீம்புதான் கூடும்; தனியே அனுப்பி, அவரையே குழுவில் திருத்தச் சொல்லுங்கள். மிரட்டல் இருந்தால் அனுப்பிய எண், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி முதலில் சேமியுங்கள். ஓரம் வெட்டிய ஸ்கிரீன்ஷாட் புகாரில் நிற்காமல் போகலாம்.