தொழிற்பயிற்சி முடிக்கும் மாணவரை வேலை வாழ்க்கைக்குத் தயார்ப்படுத்தும் உளவியல் காரணிகள் எவை?

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் முதலிடம் தருவது, "இந்த வேலை என் கைக்கு வரும்" என்று மாணவன் தன்மேல் கொள்ளும் நம்பிக்கைக்குத்தான். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இதைத் தற்திறன் நம்பிக்கை என்ற கருத்தாக விளக்கினார். அது உருவாகும் நான்கு வழிகளில், தானே செய்து வெற்றி காண்பதே மிக வலுவானது என்றார். தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடல் மன நிலை ஆகியவை மற்ற மூன்று.

பயிற்சிக்கூடத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம். முதல் மாதங்களில் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி அராவும்போது அரம் ஊசலாடுவதால் நடு மேடாகிவிடும். செங்கோணமும் சமதளமும் சரிபார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தால் இரு ஓரத்திலும் வெளிச்சம் கசியும். மதிப்பெண் குறைந்ததால்தான் இங்கே சேர்க்கப்பட்டோம் என்ற எண்ணத்தோடு வரும் பையனுக்கு அந்த மேடு இன்னொரு தோல்வியாகவே படுகிறது. அவனிடம் "உன்னால் முடியும்" என்று நூறு முறை சொல்வதைவிட, நிற்கும் நிலையையும் அரம் பிடிக்கும் முறையையும் திருத்தி, அன்று மாலைக்குள் ஒரே ஒரு பக்கத்தையாவது வெளிச்சம் கசியாமல் முடிக்க வைப்பது பெரும் பலன் தரும்.

அடுத்தது, செய்த தவறைச் சொல்லும் துணிவு. அளவுக்குக் கீழே அராவிவிட்ட மாணவர்களை ஆரம்பத்தில் நான் கடுமையாகத் திட்டினேன். விளைவாக, கெட்டுப்போன ஜாப்கள், அதாவது அவர்கள் அராவிய துண்டுகள், என்னிடம் வராமல் ஸ்கிராப் பெட்டிக்குள் மறைந்தன. தொழிற்சாலையில் இதே பழக்கம் ஒரு லாட், அதாவது ஒரே தொகுதியாகச் செய்யும் பொருள்கள், முழுவதையும் கெடுத்துவிடும். எனவே, எந்தக் கட்டத்தில் அளவு தவறியது என்று தானாக வந்து சொல்பவனுக்கு மறு துண்டு தருவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

உளவியலாளர் மார்க் சவிக்காஸ் விளக்கிய தொழில்சார் தகவமைவில், அதாவது வேலை வாழ்க்கையின் மாற்றங்களுக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் திறனில், எதிர்காலம் குறித்த அக்கறை, அதன்மேல் தனக்குள்ள கட்டுப்பாடு, அறியும் ஆர்வம், தன்னம்பிக்கை என நான்கு கூறுகள் உண்டு. இவற்றுள் எங்கள் மாணவர்களிடம் மிகவும் குறைவாக இருப்பது அக்கறைதான் என்பது என் கணிப்பு. வீட்டுக்கு உடனே சம்பளம் தேவைப்படும் நிலையில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிந்தையதை நினைக்கச் சொல்வது எளிதன்று. அதற்காக, அப்ரண்டிஸ் பயிற்சி முடித்து வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரை ஆண்டுதோறும் அழைத்துப் பேச வைப்பேன். சம்பளத்தைத்தான் முதலில் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இரவு ஷிஃப்டில் தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது, ஜாப் கெட்டுவிட்டால் சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது என்பவைதான் முதலில் வந்த கேள்விகள்.