‘காலி’ என்று எழுதிய தாள்: விமானச் சரக்கு கேள்வி பதில்

(பயணிகள் விமானங்களில் சரக்கு ஏற்கும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவர் பதிலளிக்கிறார்.)

கணபதி, கோவை: ஐயா, நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார்களைச் சார்ஜாவுக்கு அனுப்புகிறோம். ஏர்வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டில்) ‘மெஷின் பார்ட்ஸ்’ என்று எழுதினால் போதுமா?

போதாது. அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் எதையும் ஒளித்துவிடலாம். பேக் செய்த பெட்டியிலிருந்து 2.1 மீட்டர் தள்ளித் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். முள் 2 டிகிரிக்கு மேல் விலகினால் அது யூ.என். 2807 (ஆபத்தான பொருள்களுக்கு ஐ.நா. தரும் எண்), காந்தப் பொருள். அதற்குரிய லேபிளை ஒட்டி, ஏர்வே பில்லிலும் அந்தப் பெயரையே எழுத வேண்டும். விலகாவிட்டால் சாதாரணச் சரக்குதான். அப்போதும் ‘மோட்டார்’ என்றே எழுதுங்கள்.

நாமக்கல்: ஒருநாள் கோழிக்குஞ்சுகளும் டிரை ஐஸில் வைத்த மருந்தும் ஒரே விமானத்தில் போகலாமா?

போகலாம், பக்கத்தில் பக்கத்தில் கூடாது. டிரை ஐஸ் ஆவியானால் வருவது கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனமானது என்பதால் சரக்கு அறையின் தரையோடு தேங்கும். அங்கே குஞ்சுகள் இருந்தால் மூச்சுத் திணறும். நான் அடிக்கடி பார்த்த பிழை எடையில்தான். பெட்டியின் மேல் டிரை ஐஸின் நிகர எடையை எழுதவேண்டிய இடத்தில் பெட்டியின் மொத்த எடையை எழுதிவிடுவார்கள். இரண்டாவது பிழை இதைவிட மோசமானது. ஆபத்தான சரக்கு எது, எங்கே இருக்கிறது என்று கேப்டனுக்குக் கொடுக்கும் நோட்டாக் தாளில் டிரை ஐஸ் பின் அறையில் இருப்பதாக எழுதியிருக்கும். கடைசி நிமிடத்தில் இடம் போதாமல் முன் அறைக்கு, குஞ்சுகளுக்கு அருகே மாற்றியிருப்பார்கள். தாளை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். பெட்டி நகர்ந்தால் தாளும் மாற வேண்டும்.

திருப்பூர்: மின்சைக்கிள் பேட்டரியைத் தனியாக அனுப்பலாமா?

தனி லித்தியம் அயன் பேட்டரி, அதாவது யூ.என். 3480, 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகாது.

பொள்ளாச்சி: பவர் பேங்க் அனுப்பலாமா?

பவர் பேங்கும் தனி பேட்டரிதான். மேலே படியுங்கள்.

ஈரோடு: கேப்டன் நோட்டாக்கைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். இதெல்லாம் வெறும் சம்பிரதாயம்தானே?

இப்படிப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட வேல்யுஜெட் 592 விமானத்தில் ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள் ஏற்றப்பட்டன (பயணிகளின் முகமூடிக்கு ஆக்சிஜன் தரும் சிறு உருளைகள்; இயங்கத் தொடங்கினால் கடுமையாகச் சூடாகும்). சரக்குச் சீட்டில் இருந்தது ‘ஆக்சி கேனிஸ்டர்கள், காலி’. அவை காலியானவை அல்ல. சரக்கு அறையில் தீப்பிடித்து, விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 110 பேரும் இறந்தார்கள். ஏற்றியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சீட்டில் இருந்த சொற்கள் மட்டுமே.

திருப்பூர் ஏஜெண்ட் ஒருவர்: அது தாளின் குற்றமா ஐயா? ஜெனரேட்டர் தானாக இயங்காமல் தடுக்கும் பாதுகாப்பு மூடி போடாமல் பேக் செய்ததுதான் காரணம்.

மூடி இல்லாததால்தான் தீ பற்றியது, சரி. ஆனால் மூடி போட்டாயிற்று என்று பராமரிப்புப் பணியாளர்களின் வேலை அட்டையில் கையெழுத்து இருந்தது தெரியுமா? அதுவும் தாள்தானே! அந்த விமான நிறுவனத்துக்கு ஆபத்தான சரக்கு ஏற்றும் அனுமதியே கிடையாது. சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால், மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெட்டிகள் விமானத்தில் ஏறியிருக்காது.

ஏஜெண்ட்: அப்படியானால் எல்லாப் பொறுப்பும் எழுதுகிறவன் தலையிலா?

முதல் பொறுப்பு அவருடையதுதான். பெட்டிக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஏற்பவர், ஏற்றுபவர், கேப்டன் எல்லோரும் மூடிய பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். ஏற்கும் இடத்தில் கேள்வி கேட்காமல் விட்டவருக்கும் பங்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

பவானி: ஷிப்பர்ஸ் டிக்ளரேஷனில் (ஆபத்தான சரக்குக்கு அனுப்புபவர் கையெழுத்திட்டுத் தரும் அறிவிப்பில்) அளவு தவறிவிட்டது. ஏஜெண்ட் அடித்து எழுதலாமா?

கூடாது. ஏர்வே பில் எண், விமான நிலையப் பெயர் போன்றவற்றை அவர் நிரப்பலாம். அளவையோ யூ.என். எண்ணையோ திருத்தினால், சரக்கு அனுப்புபவர் கீழே போட்ட அதே கையெழுத்தைத் திருத்தத்தின் அருகிலும் போட வேண்டும். புதிதாக ஒன்று எழுதுவதே நல்லது.

சேலம்: ஏற்றுமதிக்கான வரியைத் திரும்பப் பெறுவது பற்றி...

சுங்கத் தரகரைக் கேளுங்கள்.

கரூர்: அண்ணா, பேட்டரியை ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்று போட்டு அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது?

மேலே 110 பேர் இறந்ததைப் படித்துவிட்டா இதைக் கேட்கிறீர்கள்? அனுப்பாதீர்கள் தம்பி.