டெல்லிக் குளிரில் தோல் வறட்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சென்னையிலிருந்து வந்த எங்களுக்கு டெல்லியில் இதுதான் முதல் குளிர்காலம். தினமும் கொதிக்கும் வெந்நீரில் கடலை மாவு தேய்த்துக் குளிக்கிறேன். பிறகு லோஷனும் போடுகிறேன். அப்படியும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை பூத்து, ராத்திரி அரிக்கிறது. எந்த க்ரீம் வாங்கலாம்?
– வாசகி, மயூர் விஹார்

பதில்: க்ரீமுக்கு முன் குளியலை மாற்றுங்கள். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பூச்சு உண்டு. உடம்பின் ஈரம் வெளியேறாமல் தடுப்பது அதுதான். சுடச்சுட ஊற்றும் கீஸர் தண்ணீர் அதைச் சிதைக்கிறது. கடலை மாவு மிச்ச எண்ணெயையும் உறிஞ்சிவிடுகிறது. கதவைச் சாத்தி ஹீட்டர் போட்டால் அறைக் காற்று இன்னும் காய்ந்துபோகும். காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு என்பதால் முதல் அடி அங்கே.

வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் போதும். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, 3 நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன் பூசுங்கள். லோஷனில் தண்ணீர்தான் அதிகம். கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியும் கலந்த கெட்டியான க்ரீம் வாங்குங்கள். அளவில்தான் பலரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். பாதத்தோடு சேர்த்து ஒரு காலுக்கு அப்படி 8 முறை வேண்டும்.

செதில் போகாவிட்டால் 10 சதவீத யூரியா க்ரீம் நல்ல பலன் தரும். சொறிந்து புண்ணான இடத்தில் அது எரியும். ஆறும்வரை அங்கே பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போதும். அக்கம்பக்கத்தில் கடுகெண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள். வெடித்த தோலுக்கு அது வேண்டாம், எரிச்சலைக் கூட்டும். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் பூசலாம். இன்னொன்று: ஜெல்லி ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், ஆகவே அதோடு ஹீட்டரை ஒட்டி உட்காராதீர்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரித்தால், விரலிடுக்கில் சிறு கொப்புளம் தெரிந்தால், அது வறட்சியாக இல்லாமல் சிரங்காக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு எண்ணெய்ப் பசையான முகம். காலையில் சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ், இரவில் ரெட்டினால் (வைட்டமின் ஏ) க்ரீம். இப்போது எதைப் போட்டாலும் எரிகிறது.
– வாசகர், முனிர்கா

பதில்: இந்த இரண்டும் சேர்ந்து தோலை எரிச்சலாக்கியிருக்கலாம், இரண்டையும் நிறுத்துங்கள். காலையில் வெறும் தண்ணீர். சாயங்காலம் புகையும் தூசியும் போக, சோப்பு கலக்காத மென்மையான க்ளென்சர் ஒருமுறை. இரண்டு வேளையும் செராமைடு உள்ள மாய்ஸ்சரைசர். எரிச்சல் அடங்கச் சில வாரம் பிடிக்கலாம். முழுதும் அடங்கிய பிறகு, வாரம் 2 இரவு மட்டும், மாய்ஸ்சரைசர் மேல் பட்டாணி அளவு ரெட்டினால். சாலிசிலிக்கை மறுபடி தொடங்கினால், ரெட்டினால் போடாத நாளில் போடுங்கள்.

கேள்வி: கால் விரல்கள் சிவந்து வீங்கியிருக்கின்றன. ஹீட்டர் பக்கம் போனால் அரிப்பும் எரிச்சலும் உயிர் போகிறது. படை மருந்து பூசியும் குறையவில்லை.
– வாசகி, கரோல் பாக்

பதில்: நீங்கள் சொல்வது சில்பிளெயின் (குளிரால் வரும் விரல் வீக்கம்) போலிருக்கிறது. அப்படியானால் படை மருந்து உதவாது. குளிரில் சுருங்கிய நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சட்டென்று சூடாக்கும்போது, நீர் கசிந்து விரல் வீங்குகிறது. பூஞ்சையால் வரும் சேற்றுப்புண் பெரும்பாலும் விரலிடுக்கில் வெளுத்து உரியும். சில்பிளெயின் விரலின் மேலேயும் நுனியிலும் வரும். வெறுங்காலில் மார்பிள் தரையில் நடக்காதீர்கள். பாதம் சில்லிடுமுன்பே, இறுக்காத, உலர்ந்த சாக்ஸ் போடுங்கள். சில்லிட்டுவிட்டால் கம்பளிக்குள் வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். வெந்நீரில் முக்குவதும் ஹீட்டரில் காட்டுவதும் கூடாது. குளிர் படாமல் காத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் வடியும். புண்ணானாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பனிமூட்டத்தில் சன்ஸ்கிரீன் தேவையா?
– வாசகி, ஆர்.கே. புரம்

பதில்: தேவை. தோலைக் கருக்கவைக்கும் புற ஊதா ஏ கதிர் மேகத்தையும் கண்ணாடியையும் ஊடுருவும். மத்தியானம் மொட்டை மாடியில் வெயில் காய்பவர்களுக்குக் கட்டாயம். புற ஊதா ஏ கதிரையும் தடுக்கும் எஸ்.பி.எஃப். 30 போதும், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுத்து, மாய்ஸ்சரைசர் மேல் பூசுங்கள்.